தேசவழமையை ஆர் உடைக்கிறது?

லண்டனில எங்கட இலக்கியக் கூட்டங்களில வெள்ளைக்காரன்ர அடிமை வியாபாரத்தைப் பற்றிப் பேசினால் கைதட்டு விழும். எங்கட அடிமைகளைப் பற்றிப் பேசினால் "இப்ப ஏன் இந்தக் கதை?" எண்டு கேப்பினம்.

1781இல 'ஸோங்' எண்ட கப்பலிலயிருந்து 130க்கு மேற்பட்ட ஆபிரிக்கரை உயிரோட கடலுக்குள்ள தள்ளிப்போட்டு, கப்பல்காரர் காப்புறுதிக் காசு கேட்டவை. 1783இல லண்டன் நீதிமன்றத்துக்கு அது கொலை வழக்கில்லை, சரக்கு வழக்கு. அந்த வழக்கறிக்கையின்ர சொற்களையே வெட்டி, உடைச்சு, நூர்பெசி பிலிப் எண்ட கவிஞர் 2008இல 'ஸோங்!' எண்ட கவிதைப் புத்தகம் போட்டா. அவ இருக்கிறது ரொறன்ரோவில. எங்கட சனம் நிறைஞ்ச அதே ரொறன்ரோ.

எங்களிட்டயும் ஒரு சட்டஏடு இருக்கு. 1707இல ஒல்லாந்தர் தொகுப்பிச்ச தேசவழமை. சீதனத்துக்கும் காணிக்கும் அதைத் தூக்கிப் பிடிக்கிற நாங்கள், அதில அடிமைகளுக்கெண்டு ஒரு பகுதி இருந்ததைச் சொல்லுறேல்லை. பள்ளர், நளவர் எண்டு பேர் போட்டே எழுதியிருக்கு. எழுதினது ஒல்லாந்தன்தான். ஆனா சரியெண்டு ஒப்புக்கொண்டது எங்கட முதலிமார் பன்னிரண்டு பேர்.

1844இல அடிமைமுறை சட்டத்தில ஒழிஞ்சுது. என்ர அம்மம்மா வீட்டில வேலைக்கு வந்த ஆக்களுக்கு நான் சின்னனா இருக்கேக்கையும் சிரட்டையிலதான் தேத்தண்ணி. இண்டைக்கு பார்க்கிங்கில ஒரு சாப்பாட்டுக்கடையில நான் ஊர் உலகம் குடிச்ச கோப்பையெல்லாம் கழுவிறன்.

டானியல் 1972இலயே 'பஞ்சமர்' நாவல் எழுதினார். கவிஞர்மாரே, கம்பஸ் படிப்பை முடிக்காத எனக்குக் கவிதை வராது. உங்களுக்கு வரும். ஸோங்குக்கு அழுதது காணும், தேசவழமையைக் கையில எடுங்கோ. அதால ஒற்றுமை குலையுமெண்டால், அது சிரட்டையில குடிச்சவனைக் கேளாமல் கட்டின ஒற்றுமை. குலையட்டும்.