பாலையில் இருவர்



அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், ஃபீனிக்ஸ் நகரில் பணியாற்றும் என் தமக்கை மகன் சென்ற ஆண்டு விடுமுறையில் இராஜபாளையம் வந்திருந்தார். அவரும் அவர் மனைவியும் ஒரு காரில் கூடாரத்தை ஏற்றிக்கொண்டு 12 நாட்கள் அந்நாட்டின் தென்மேற்குப் பாலை நிலத்தில் சுற்றிவந்த கதையை ஒரு மாலைப்பொழுதில் எங்களுக்குச் சொன்னார். 'சாகுவாரோ' என்னும் கள்ளி அங்கு 40 அடி உயரம் வளருமாம். முதல் கிளை விடுவதற்கே 50 ஆண்டுகளுக்கு மேலாகுமாம். நியூ மெக்சிகோவில் ஜிப்சம் மணல் கடல்போலப் பரந்து, பாலைப்போல் வெளுத்துக் கிடக்குமாம். இரவில் இருவரும் கூடாரத்து வாயிலில் அமர்ந்து விண்மீன்களைப் பார்த்திருந்தார்களாம்.

எல்லாவற்றையும் அமைதியாகக் கேட்டுக்கொண்டிருந்த என் தமக்கை இறுதியில் ஒரு சொல் சொன்னார்: "உன் அத்தா 22 வருடம் சவூதிப் பாலைவனத்தில் உழைத்தார். அந்த மணலில் ஒரு பிடியைக்கூட நான் பார்த்ததில்லை."

மச்சான் மறைந்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன. அறையில் எவரும் பேசவில்லை.

கல்லூரியில் தமிழ் பயின்றவன் நான். பாலைத் திணைக்குரிய பொருள் பிரிவு என்று அன்று மனப்பாடம் செய்தேன். பொருள் தேடித் தலைவன் பாலை வழியே செல்வான். தலைவி வீட்டில் இருந்து நாள் எண்ணுவாள். ஆயினும் அதே பாலையில் 'உடன்போக்கு' என்றொரு துறையும் உண்டு. தலைவனும் தலைவியும் இருவராய் அவ்வழியைக் கடப்பார்கள். நம் சமுதாயத்தின் எத்தனையோ இல்லங்களில் பாலை என்றால் பிரிவு மட்டுமே. என் தமக்கை மகனோ உடன்போக்கைச் செய்துவிட்டு வந்திருந்தார்.

அன்றிரவு ஸ்ரீவில்லிபுத்தூரில் உள்ள எங்கள் இல்லத்திற்குத் திரும்பும்போது என் துணைவியார் கேட்டார்: "என்னங்க, இந்த 24 வருடத்தில் நாம் இருவரும் சேர்ந்து போன இடங்களை எண்ணிப் பார்த்தீர்களா? கல்யாண வீடு, மௌத்தான வீடு, ஆஸ்பத்திரி. எங்கே போனாலும் அங்கே ஓர் அடுப்பு எனக்காகக் காத்துக்கொண்டிருந்தது."

மத்ரஸாவில் இல்லறக் கடமைகளை மாணவர்க்குப் போதிப்பவன் நான். பதில் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை.

தமக்கை மகன் ஊருக்குப் புறப்படும்போது, தாம் கொண்டுவந்திருந்த சிறு கூடாரத்தை, "மாமு, இது உங்களுக்குத்தான்" என்று விட்டுச் சென்றார். தை மாதத்தில் இரண்டு நாள் ஓய்வு கிடைத்தது. எங்கே செல்வது? வாயிலில் நின்றால் தெரியும் செண்பகத்தோப்பு மலையில் தங்க இயலாது. 2021ஆம் ஆண்டு முதல் எங்கள் மலைத்தொடர் ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகம். அங்கே இரவில் கூடாரமிடுவது குற்றம்; ஆபத்தும்கூட. 2018 மார்ச்சில், தேனி மாவட்டத்துக் குரங்கணி மலைக்குச் சென்றவர்களில் 20க்கும் மேற்பட்டோர் காட்டுத்தீயில் மாண்டதை நாம் மறக்கலாகாது. "நமக்கென்று ஒரு பாலைவனம் இல்லையா?" என்று துணைவியார் கேட்டார். இருக்கிறது. அதுதான் தூத்துக்குடி மாவட்டத்துத் தேரிக்காடு.

மைத்துனரின் காரை இரவல் வாங்கி, ஃபஜ்ரு தொழுத கையோடு புறப்பட்டோம். சங்கரன்கோவில் வரை மேற்கு மலை உடன்வந்தது. பின்னர் மெல்ல விலகியது. கரிசல் வயல்களும் காற்றாலைகளும் கடந்து, திருநெல்வேலி தாண்டி, பாளையங்கோட்டையில் சாரா டக்கர் மகளிர் கல்லூரி அருகே வந்தபோது, "கொஞ்சம் மெதுவாகப் போங்கள்" என்றார் துணைவியார். தேநீர்க்கடை தேடுகிறார் போலும் என்று எண்ணிக்கொண்டேன். சாத்தான்குளம் கடந்ததும் மண்ணின் நிறம் மாறத் தொடங்கியது. ஏறத்தாழ 150 கிலோ மீட்டர் கடந்து, பிற்பகலில் தேரியின் ஓரத்தை அடைந்தோம்.

தேரி என்பது செம்மணல் மேடுகளாலான நிலம். மணல் துகள்களின்மீது படிந்த இரும்புத் துருவே அச்செந்நிறத்திற்குக் காரணம். ஆனி, ஆடி மாதங்களில் மலைக் கணவாய்கள் வழியே வீசும் மேல்காற்று மணலை வாரி மேடாக்குகிறது. பனையும் உடைமரமும் முந்திரியும்தான் அம்மணலை ஓடாமல் கட்டி வைத்துள்ளன. மனிதர் இங்கு வாழ்ந்ததும் புதிதன்று. இத்தேரிகளில் கிடைத்த கற்காலச் சிறு கருவிகளைப் பற்றி சாய்னர், பிரிட்ஜெட் ஆல்ச்சின் என்னும் இரு அறிஞர்கள் 1956இல் ஆய்வு வெளியிட்டனர்.

கணக்குப்படி இது பாலைவனம் அன்று. ஃபீனிக்ஸில் ஆண்டுக்கு 180 மில்லி மீட்டர் அளவே மழை. இம்மாவட்டத்திலோ 600க்கும் மேல். ஆனால் பெய்த மழை மேற்பரப்பில் நிற்பதில்லை. மணல் அதை உள்ளே வாங்கி வைத்துக்கொண்டு, தாழ்ந்த இடங்களில் சுனையாக வெளிவிடுகிறது. மேலே நின்று பார்ப்பவர் இந்நிலத்தில் நீரே இல்லை என்று சொல்லிவிடுவார்.

தேரியின் பெரும்பகுதி வனத்துறைக்கு உரியது. ஆகவே என் பழைய மாணவர் ஒருவரின் உறவினருடைய பனந்தோப்பில், அவருடைய அனுமதியோடு கூடாரமிட்டோம். கூப்பிடு தூரத்தில் அவர்கள் வீடும் கிணறும் இருந்தன. இதைக் குறிப்பிடக் காரணம் உண்டு. புறப்படுமுன் துணைவியார் கேட்ட முதல் கேள்வி, "அங்கே பெண்கள் ஒதுங்க இடம் உண்டா?" என்பதே. அமெரிக்கப் பூங்காக்களில் கூடாரமிடக் கட்டணம் செலுத்திப் பதிந்து கொள்ளும் இடங்கள் பல உண்டு. அவற்றில் கழிப்பறையும் இருக்கும். நம் ஊர்ப்பக்கம் அது அரிது. இக்கேள்விக்கு விடை தெரியாமல் எந்த ஆணும் தன் மனைவியை அழைத்துச் செல்லலாகாது.

அஸரைச் சுருக்கித் தொழ ஆயத்தமானபோது, "இவ்வளவு மணல் கிடக்கிறதே, தயம்மும் செய்யலாமா?" என்று சிரித்தார். "20 லிட்டர் தண்ணீர் காரில் இருக்கும்போது எப்படிக் கூடும்?" என்றேன். பாலை நிலத்தில் ஆளுக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 4 லிட்டர் தண்ணீர் வேண்டும் என்று தமக்கை மகன் வற்புறுத்திச் சொல்லியிருந்தார். அவர் சொன்ன இன்னொன்றும் நம் ஊராருக்குப் பயன்படும். வறண்ட ஓடையில் ஒருபோதும் தங்கலாகாது. 1997 ஆகஸ்டில் அரிசோனாவின் ஆன்டிலோப் பள்ளத்தாக்கில், பல மைல்களுக்கு அப்பால் பெய்த மழையின் வெள்ளம் 11 உயிர்களைக் கொண்டுபோயிற்று. 2015 மே மாதம் நம் சதுரகிரி ஓடையில் வந்த திடீர் வெள்ளமும் அத்தகையதே.

இரவு பத்து மணி இருக்கும். கடற்காற்று சற்றே வலுத்தது. நான் அடித்திருந்த இரும்பு முளைகள் ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொள்ள, கூடாரம் எங்கள்மீதே சரிந்தது. நான் கூடாரத்தைக் குறை கூறினேன்; காற்றைக் குறை கூறினேன். துணைவியார் ஒன்றும் சொல்லாமல், கொண்டுவந்திருந்த துணிப்பைகளில் மணலை நிரப்பிக் கயிற்றைக் கட்டி, முழங்கை ஆழத்தில் புதைத்தார். அதன்பின் விடியும்வரை கூடாரம் அசையவில்லை. மணல் நிலத்தில் கூடாரமிடுவோர் அங்கும் இதையேதான் செய்வார்கள் எனப் பின்னர் தொலைபேசியில் தமக்கை மகன் சொன்னார்.

"எங்கே கற்றாய்?" என்று கேட்டேன். "சின்ன வயதில் அத்தாவோடு ஆற்றுமணலில் பந்தல் போடப் போவேன்" என்றார். 24 ஆண்டுகளில் நான் அறியாத செய்தி அது. தொடர்ந்து, பகலில் பார்த்த கல்லூரியைப் பற்றிச் சொன்னார். பன்னிரண்டாம் வகுப்பில் புவியியலில் நல்ல மதிப்பெண் பெற்றாராம். அக்கல்லூரிக்கு விண்ணப்பம்கூட வாங்கி வைத்திருந்தாராம். அத்தா நோயுற்றதால் படிப்பு நின்றது. மறு ஆண்டு நிக்காஹ். "நீ ஏன் இதுவரை சொல்லவில்லை?" என்றேன். "நீங்கள் கேட்கவில்லை" என்றார். அதில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

காலையில் மணல் குளிர்ந்திருந்தது. சுப்ஹுக்குப் பின் மேட்டின்மீது ஏறினோம். இறங்கும்போது அவர் சிறுமிபோல் ஓடினார். நான் பின்தங்கினேன். பெருமானார் (ஸல்) அவர்கள் ஒரு பயணத்தில் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களோடு ஓட்டப்பந்தயம் ஓடியதை ஹதீஸ் நூல்கள் பதிவு செய்துள்ளன. பல முறை மாணவர்க்கு அதைப் பாடமாக நடத்தியிருக்கிறேன். அது பாடம் மட்டும் அன்று என்று அந்த மேட்டடியில் மூச்சு வாங்க நின்றபோதுதான் விளங்கிற்று.

சகோதரர்களே! மனைவிக்குச் சோறும் உடையும் கொடுத்தோம், வீடு கட்டினோம் என்று கணக்கு வைத்திருக்கிறோம். அதற்காக ஆண்டுக்கணக்கில் வெயிலில் நின்றவர்கள் நம்மிடையே உண்டு. அவர்களின் வியர்வையை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் அவள் என்ன படிக்க விரும்பினாள், எதற்கு அஞ்சுகிறாள், எதைக் கண்டால் ஓடுவாள் என்பது வீட்டுக் கூடத்தில் தெரியவராது. அங்கு நூறு வேலைகள் குறுக்கே நிற்கும். அமெரிக்கா செல்ல வேண்டியதில்லை. ஒரு நாள், ஓர் இரவு போதும். அடுப்பை நீங்கள் பற்றவையுங்கள். நான் வைத்த கஞ்சி அடிப்பிடித்தது. இருவரும் அதைத்தான் உண்டோம்.

திரும்பும் வழியில் உடன்குடிக் கருப்பட்டி வாங்கி, இராஜபாளையத்தில் தமக்கையிடம் கொடுத்தோம். அவர் என் துணைவியாரின் காலணியில் ஒட்டியிருந்த செம்மணலைத் தட்டி உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "இந்த மூட்டுவலியோடு நான் அங்கே ஏற முடியுமா?" என்று கேட்டார்.

"மேடு ஏற வேண்டாம் மாமி, தோப்பு வரை கார் போகும்" என்றார் என் துணைவியார்.

வருகின்ற தை மாதத்தில் மூவராய்ச் செல்ல இருக்கிறோம், இன்ஷா அல்லாஹ்.