காவலும் நாமும்

தாம்பரமும் ஆவடியும் 2022 ஜனவரி முதல் தனித்தனிக் காவல் ஆணையரகங்களாகிவிட்டன. புறநகரில் திருட்டைத் தடுக்க இது மட்டும் போதுமா? போதாது என்பதே என் கருத்து.

புறநகர் வாழ்க்கையைப் பாருங்கள். கணவனும் மனைவியும் வேலைக்குப் போகிறார்கள். பகலெல்லாம் வீடு பூட்டிக் கிடக்கிறது. எதிர்வீட்டுக்காரர் பெயர்கூட நமக்குத் தெரியாது. முன்பின் அறியாதவன் வாசலில் நின்றாலும், 'யாரப்பா நீ?' என்று கேட்க ஆளில்லை. தெருமுனையில் காமிரா இருக்கிறதே என்பீர்கள். காமிரா நடந்ததைக் காட்டும். நடக்கப்போவதை நிறுத்தி விசாரிக்காது. அதற்கு அக்கம்பக்கத்தாரின் கண்ணும், தெருவை அறிந்த ரோந்துக் காவலரின் காலும் வேண்டும்.

இவ்விரண்டையும் இணைக்கவே 1993-இல் இராமநாதபுரம் மாவட்டத்தில் 'ஃபிரண்ட்ஸ் ஆப் போலீஸ்' இயக்கம் தோன்றியது. நோக்கம் நல்லதே. ஆயினும் 2020 ஜூனில், சாத்தான்குளத்தில் கைது செய்யப்பட்ட தந்தையும் மகனும் உயிரிழந்தபோது, அவ்வமைப்பினர் மீதும் புகார் எழுந்தது. மறுமாதமே அரசு அதற்குத் தடை விதித்தது. இதிலிருந்து நாம் கற்பதென்ன? தகவல் சொல்வது குடிமகன் கடமை. தடியெடுப்பது அவன் வேலையன்று. திருடனைக் கையும் களவுமாகப் பிடித்தாலும், ஆறு மணி நேரத்துக்குள் காவலரிடம் ஒப்படைக்க வேண்டும் என்றே 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமும் கூறுகிறது.

மாணவ நண்பர்களே! வெளியூர் செல்லும்போது பூட்டை மட்டும் நம்பாதீர்கள். பக்கத்து வீட்டில் சொல்லுங்கள். காவல் நிலையத்திலும் தெரிவியுங்கள். காவலர்களும், படியேறி வருபவரை உட்காரவைத்துக் கேட்கட்டும். அச்சம் நீங்கினால்தான் மக்கள் வாய் திறப்பார்கள். மக்கள் வாய் திறந்தால் திருடனுக்கு வழி அடைபடும்.