காசு கட்டியவர் கையில் பட்டை! குழந்தை கையில் என்ன?

இரண்டரை வயதுக் குழந்தையிடம் "உன் பேரு என்ன?" என்று கேட்டுப் பாருங்கள்.

"பாப்பா."

"அப்பா பேரு?"

"அப்பா."

"வீடு எங்கே?"

"அங்கே."

வீட்டில் கேட்டால் சிரிப்பு வரும். ஆயிரம் பேர் கூடிய இடத்தில், முன்பின் தெரியாத ஒருவர் கேட்டு இந்தப் பதில் வந்தால்? வயிற்றைக் கலக்கும். சமீபத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எனக்குக் கலக்கியது.

சென்னைக்கு வெளியே ஒரு தீம் பார்க். அக்கா, அக்கா வீட்டுக்காரர், அவர்கள் மகள், நான். நாலு பேரும் போனோம். குழந்தைக்கு அதுதான் முதல் தடவை. புது கவுன், புது செருப்பு. ராத்திரி முழுக்கத் தூங்கவில்லையாம்.

வாசலில் சுவரில் ஒரு கோடு. குழந்தையை நிற்க வைத்து அளந்தார்கள். இரண்டு, இரண்டரை வயதில் 85 முதல் 90 சென்டிமீட்டர்தானே இருக்கும்? கோட்டுக்குக் கீழே நின்றாள். "பாப்பாவுக்கு ஃப்ரீ சார்" என்றார் கவுண்ட்டர்காரர். எங்களுக்குச் சந்தோஷம்!

பெரியவர்கள் 3 பேருக்கும் பணம் கட்டினோம். 3 பேர் கையிலும் கலர் காகிதப் பட்டை ஒட்டினார்கள். அது இருந்தால்தான் ராட்டினத்தில் ஏற்றுவார்கள். குழந்தையும் கையை நீட்டினாள். "உனக்குக் கிடையாதுடா கண்ணு" என்று சிரித்து அனுப்பிவிட்டார்கள்.

தப்பு அந்த இடத்தில்தான் நடந்தது. எனக்கு அப்போது உறைக்கவில்லை.

எட்டு நிமிடம்

பெரிய ராட்டினங்களைக் கண்டாலே குழந்தைக்கு அழுகை. குட்டி ரயில் பிடித்தது. அதைவிடக் கரடி வேஷம் போட்டுத் திரிந்த ஆளை ரொம்பப் பிடித்தது.

மதியம் அலைக்குளத்துப் பக்கம் வந்தோம். அக்கா துண்டு எடுக்கப் பையைத் திறந்தாள். மாமா கையில் பிடித்திருக்கிறார் என்று நான் நினைத்தேன். நான் பிடித்திருக்கிறேன் என்று அவர் நினைத்தார். பெரியவர்கள் 3 பேர் இருந்ததுதான் வினை! திரும்பிப் பார்த்தால் குழந்தையைக் காணோம்.

ஸ்பீக்கரில் பாட்டு அலறுகிறது. கத்திக் கூப்பிட்டாலும் கேட்காது. அக்கா குளத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் என்ன நினைக்கிறாள் என்று எனக்குத் தெரியும். தண்ணீரில் விழுந்த குழந்தை சினிமாவில் வருவது போலக் கை ஆட்டிக் கூச்சல் போடாது. சத்தமே இல்லாமல் அடங்கிவிடும். அதற்கு ஆழமும் வேண்டியதில்லை. வீட்டு வாளித் தண்ணீரே போதும். அந்த மாதிரிச் செய்திகளை எழுதியவன் நான்.

செக்யூரிட்டியிடம் ஓடினேன். "மைக்ல சொல்லணும்னா ஆபீசுக்குப் போங்க சார்" என்றார். ஆபீஸ் எங்கே? மறுகோடியில், வாசல் பக்கம்!

எட்டு நிமிடம் கழித்துக் குழந்தை கிடைத்தாள். கரடியின் பின்னாலேயே போயிருக்கிறாள். பெருக்குகிற அம்மா ஒருவர் இடுப்பில் தூக்கி வைத்திருந்தார். "பேரு கேட்டா பாப்பாங்குது. நான் யாருன்னு போய்த் தேடுறது? பெத்தவங்க வருவாங்கன்னு நகராம நின்னேன்" என்றார். அந்த அம்மாவை எத்தனை கும்பிட்டாலும் தகும்.

நல்லவர் கையில் கிடைத்தாள். எல்லாக் குழந்தையும் நல்லவர் கையில்தான் கிடைக்கும் என்று யார் எழுதிக் கொடுப்பார்கள்?

கடற்கரையில் முடிகிறதே!

காணும் பொங்கல் அன்று மெரினாவுக்குப் போயிருக்கிறீர்களா? லட்சக்கணக்கில் ஜனம். போலீசார் குழந்தைகள் கையில் பட்டை கட்டிவிடுவார்கள். அதில் பெற்றோரின் செல்போன் நம்பர் இருக்கும். யார் கண்ணில் குழந்தை பட்டாலும் உடனே போன் போடலாம்.

மெரினாவுக்கு வேலி கிடையாது, வாசல் கிடையாது, டிக்கெட்டும் கிடையாது. அங்கே முடிகிறது. வேலி, வாசல், கவுண்ட்டர் எல்லாம் இருக்கிற, கட்டுவதற்குப் பட்டையும் கைவசம் இருக்கிற தீம் பார்க்கில் ஏன் முடியாது?

காரணம் எளிது. பெரியவர் கையில் கட்டுகிற பட்டை, கட்டிய பணத்துக்கு அடையாளம். குழந்தை பணம் கட்டவில்லை. அதனால் அதற்கு அடையாளம் இல்லை!

"பெத்தவங்கதான் பார்த்துக்கணும்" என்பார்கள். வாஸ்தவம். எங்கள் தப்பை நான் மறைக்கவில்லை. ஆனால் அதே பேச்சுப்படி, அலைக்குளத்தில் விசில் ஊதும் ஆள் எதற்கு? ராட்டினத்தில் பெல்ட் எதற்கு? மனிதன் ஒரு நொடி அசருவான் என்று தெரிந்துதானே அதையெல்லாம் வைத்திருக்கிறார்கள்?

அமெரிக்காவில் 1981ல் ஒரு பெரிய கடைக்கு அம்மாவோடு போன 6 வயதுச் சிறுவன் சில நிமிடங்களில் காணாமல் போனான். கொலை செய்யப்பட்டான். பிறகு 1994ல் அந்த நாட்டுக் கடைகளில் ஒரு முறை கொண்டுவந்தார்கள். குழந்தை காணோம் என்று யார் சொன்னாலும், உடனே அடையாளம் எல்லா ஊழியருக்கும் அறிவிக்கப்படும். வாசல்களில் ஆள் நிற்கும். 10 நிமிடத்தில் கிடைக்காவிட்டால் போலீசுக்குப் போன் போகும். ஆபீசுக்கு ஓடச் சொல்ல மாட்டார்கள்!

2025 மே மாதம் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு ராட்டினம் அந்தரத்தில் நின்று, ஏறியவர்கள் மணிக்கணக்கில் தவித்தார்கள். ஊரே பேசியது. ராட்டினம் நின்றால் செய்தி. குழந்தை எட்டு நிமிடம் காணாமல் போனால் அது செய்தி இல்லை. நாள் கணக்கில் காணாமல் போனால்தான் செய்தியா?

என்ன செய்யலாம்?

அனுமதி கொடுக்கிற அதிகாரிகள் மூன்றே நிபந்தனை போடட்டும். ஒன்று, சின்னக் குழந்தை ஒவ்வொன்றுக்கும் நம்பர் எழுதிய பட்டை. இரண்டு, ஒவ்வொரு செக்யூரிட்டி கையிலும் வாக்கி டாக்கி. மூன்று, குழந்தை காணோம் என்றால் அந்த நிமிடமே பாட்டு நிற்க வேண்டும், வாசலில் ஆள் நிற்க வேண்டும். இதற்குக் கோடி செலவாகாது.

அதுவரை நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். உள்ளே நுழையும்போதே குழந்தையை அதே உடுப்பில் ஒரு போட்டோ எடுங்கள். இந்த ஒரு மணி நேரம் குழந்தை யார் பொறுப்பு என்று வாய்விட்டுச் சொல்லிக்கொள்ளுங்கள். காணோம் என்றால் 112க்கோ 1098க்கோ உடனே அடியுங்கள். 24 மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்பதெல்லாம் கட்டுக்கதை. காணாமல் போன குழந்தை பற்றிப் புகார் வந்தால் வழக்குப் பதிய வேண்டும் என்று 2013லேயே உச்ச நீதிமன்றம் உத்தரவு போட்டிருக்கிறது.

அன்றைக்கு என் சட்டைப் பையில் இருந்த பால்பாயிண்ட் பேனாவால் குழந்தையின் மணிக்கட்டில் அக்காவின் நம்பரை எழுதினேன். அவளுக்கு ஏகக் குஷி. "மாமா, வாச்சு!" என்று பஸ்ஸில் எல்லோரிடமும் காட்டிக்கொண்டே வந்தாள்.

அந்த வாச்சை வாசலிலேயே கட்டி அனுப்பினால் என்ன?