விபத்து குறைந்ததாம், அதனால்தானாம்!

2020 கொரோனா ஊரடங்கில் வண்டி ஓடவில்லையாம். வண்டி ஓடாததால் விபத்து இல்லையாம். விபத்து இல்லாததால் மூளைச்சாவு இல்லையாம், அதனால் உறுப்பும் இல்லையாம். சிறுநீரகத்துக்குக் காத்திருந்தே என் வீட்டுக்காரர் போனபிறகு, யாரைக் கேட்டாலும் இதையேதான் சொல்கிறார்கள். பெரிய டாக்டரும் சொல்கிறார், துக்கம் விசாரிக்க வந்த சித்தப்பாவும் சொல்கிறார். கேட்கக் கேட்க வயிறு எரிகிறது.

நான் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுப்பவள். சரி, கணக்கையே பார்ப்போம். தமிழ்நாட்டில் 2019-இல் சாலை விபத்தில் இறந்தவர்கள் 10,500 பேருக்குச் சற்று மேல். 2020-இல் 8,000 பேருக்குச் சற்று மேல். முழுசாகக் கால்வாசிகூடக் குறையவில்லை. மூளைச்சாவுக்குப் பிறகு உறுப்பு கொடுத்தவர்களோ 2019-இல் 127 பேர், 2020-இல் 55 பேர். பாதிக்கு மேல் காணாமல் போய்விட்டது. நாடு முழுக்க 715 ஆக இருந்தது 351 ஆயிற்று. மூளையில் ரத்தக்குழாய் வெடித்துச் சாகிறவர்களும் இந்தத் தானத்துக்கு உரியவர்கள்தான். ரத்தக்கொதிப்புக்கு ஊரடங்கு உண்டா என்ன? எட்டாயிரம் பேர் சாலையில் செத்த வருஷத்தில் 55 பேரிடம்தான் உறுப்பு கிடைத்தது என்றால், வழி அடைபட்டது சாலையில் இல்லை, ஆஸ்பத்திரிக்குள்.

எப்படி அடைபட்டது என்பதும் எனக்குத் தெரியும். ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து படித்தேன், வேறென்ன வேலை எனக்கு. மூளைச்சாவு என்று சான்று கொடுக்க நாலு டாக்டர்கள் வேண்டும். ஆறு மணி நேர இடைவெளி விட்டு இரண்டு தடவை சோதிக்க வேண்டும். சுவாசக் கருவியை நிறுத்திவிட்டுத் தானாக மூச்சு வருகிறதா என்று பார்ப்பதும் அதில் சேர்த்தி. தொற்றுக் காலத்தில் அதற்குக் கிட்டே போகப் பயம். குடும்பத்தாரை உட்காரவைத்துப் பேச வேண்டும். அவர்களை வாசலைத் தாண்டவே விடவில்லை. ஐ.சி.யூ. கட்டில்கள் எல்லாம் கொரோனாவுக்குப் போயின. உறுப்பு வாங்குகிறவருக்கு எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்து கொடுத்தாக வேண்டும். அந்த நேரத்தில் தொற்றினால் ஆள் பிழைப்பது கஷ்டம். அரசாங்கத்தில் இருந்த நீங்கள் மார்ச், ஏப்ரலில் பயந்தீர்கள், நியாயம். எனக்கும் பயம்தான்.

ஆனால் மே 7-ஆம் தேதி மதுக்கடை திறந்தீர்களே! எங்கள் ஊரில் கடை வாசலில் சுண்ணாம்பால் வட்டம் போட்டு, கட்டை கட்டி, போலீஸ் நிறுத்தி, குடிக்க வருகிறவனுக்கு அத்தனை ஏற்பாடு. நோய் வராமல் மனுஷனை வரிசையில் நிறுத்த உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. சிறுநீரகத்துக்காக வரிசையில் நின்றவனை மட்டும் மறந்துவிட்டீர்கள்.

என் வீட்டுக்காரருக்கு ரத்தம் ஓ பாசிட்டிவ். எனக்கு பி. அத்தை தன்னுடையதை எடுத்துக்கொள்ளச் சொல்லி அழுதார்கள், அவர்களுக்குச் சர்க்கரை. ரத்தப் பிரிவு மாறினாலும் செய்யலாம் என்றார்கள், அந்தச் செலவுக்கு நாங்கள் எங்கே போவது? மூளைச்சாவு அடைந்தவர்களின் சிறுநீரகத்துக்காகக் காத்திருக்கும் கேடவர் லிஸ்டில் பதிந்துவிட்டு, வாரம் மூன்று டயாலிசிஸ் என்று ஓட்டிக்கொண்டிருந்தோம். திண்டிவனத்திலிருந்து செங்கல்பட்டுப் பக்கம் போக வேண்டும். மாவட்டம் மாறுவதால் ஒவ்வொரு தடவையும் இ-பாஸ்.

டயாலிசிஸ்காரர்களின் மே மாதம் எப்படி இருக்கும் தெரியுமா? ஒரு நாளைக்கு இவ்வளவுதான் தண்ணீர் என்று அளவு. காலையில் ஒரு பாட்டிலில் பிடித்துவைப்பேன். காப்பி, ரசம், மாத்திரை விழுங்குவது எல்லாம் அதிலிருந்துதான் கழியும். மதியம் மூன்று மணிக்கு அடியில் இரண்டு விரற்கடை நிற்கும். அதைப் பார்ப்பார், குடிக்கமாட்டார். ராத்திரிக்கு வேண்டுமே. தெருவில் எல்லோருக்கும் கபசுரக் குடிநீர் ஊற்றினார்கள். எங்கள் வீட்டுக்கும் நல்ல மனசோடு ஒரு சொம்பு கொண்டுவந்தார்கள். வாசலிலேயே திருப்பிக் கொடுத்தேன்.

லிஸ்ட் நிலவரம் கேட்டு போன் போட்டால், "இப்போ எதுவும் நடக்கலம்மா, இருந்தா நாங்களே கூப்பிடுவோம்" என்பார் போன் எடுக்கிற பெண். பாவம், அவர் என்ன செய்வார்.

ஜூலையில் டயாலிசிஸ் மையத்தில் புது விதி. கொரோனா இல்லை என்று ரிப்போர்ட் இருந்தால்தான் உள்ளே கட்டில். சளி மாதிரி எடுத்தோம், முடிவு வரவில்லை. ஒரு முறை தவறிப்போனது. தண்ணீர் ஏறி முகம் உப்பி, மூச்சு வாங்க ஆரம்பித்தது. பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினால், மூச்சுத்திணறல் என்று கேட்டதுமே கொரோனா சந்தேக வார்டு. "நுரையீரல்ல தண்ணிங்க, மெஷின்ல போட்டா சரியாயிடும்" என்று கவச உடைக்குள் இருந்தவர் காலில் விழாத குறையாகச் சொன்னேன். "ரிப்போர்ட் வரட்டும்மா" என்றார். ரிப்போர்ட் வந்தது. நெகட்டிவ். அதற்குள் அவர் போய்விட்டார்.

இதற்கெல்லாம் யாரும் எதுவும் செய்திருக்க முடியாதாம். ஸ்பெயினைப் பாருங்கள். முதல் அலையில் அந்த நாடு பட்ட பாட்டை உலகமே பார்த்தது. அப்படியும் 2020-இல் அங்கே இறந்தபின் உறுப்பு கொடுத்தவர்கள் 1,777 பேர். முந்தின வருஷத்தைவிடக் கால்வாசிக்கும் குறைவான இறக்கம். ஐந்து கோடி ஜனம்கூட இல்லாத நாடு அது. நம் நாடு மொத்தமும் சேர்த்து 351.

நமக்கு மட்டும் பழக்கமில்லாத விஷயமா இது? 2008-இல் ஹிதேந்திரன் என்ற பிள்ளையின் இதயத்துக்காகப் போக்குவரத்தை நிறுத்தி வழிவிட்ட ஊர் சென்னை. அந்த வருஷமே அரசு முறைப்படி திட்டம் தொடங்கி, இந்தியாவுக்கே வழிகாட்டி என்று பெயர் வாங்கியது. 2020 ஏப்ரலில் அதே சென்னைச் சாலைகள் யாரும் நிறுத்தாமலே காலியாகக் கிடந்தன. கொண்டுபோகத்தான் ஒன்றுமில்லை.

கொரோனாவில் இறந்தவர்களின் குடும்பத்துக்கு 50,000 ரூபாய் என்று பிறகு அறிவித்தார்கள். அதற்கு, தொற்று இருந்தது உறுதியாகியிருக்க வேண்டும். அவருக்குத் தொற்றே இல்லை. சான்றிதழில் நாள்பட்ட சிறுநீரகச் செயலிழப்பு என்று இருக்கிறது, அவ்வளவுதான். பணம் யாருக்கு வேண்டும்? இந்தச் சாவைப் பெருந்தொற்றுக் கணக்கில் எழுத உங்களுக்கு ஏன் கை வரவில்லை என்றுதான் கேட்கிறேன். 2022-இல் தமிழ்நாட்டில் உறுப்பு கொடுத்தவர்கள் 156 பேராக ஏறிவிட்டார்கள் என்று பூரித்தீர்கள். ஏறட்டும், நல்லதுதான். நடுவில் போனவர்களுக்குப் பதில்?

2020, 2021-இல் லிஸ்டில் காத்திருந்தபடியே செத்தவர்களை மாவட்டவாரியாக எண்ணி வெளியிடுங்கள். அடுத்த தொற்று வரும்போது எல்லாக் கட்டிலையும் அதற்கே கொடுத்துவிடாதீர்கள். மாவட்டத்துக்கு ஓர் ஐ.சி.யூ.வை மற்ற நோயாளிகளுக்கென்று பூட்டாமல் வையுங்கள். மூளைச்சாவுச் சான்று கொடுக்கும் அந்த நாலு டாக்டர்களை அங்கிருந்து மாற்றாதீர்கள். டயாலிசிஸுக்கு வருகிறவனை ரிப்போர்ட் கேட்டு வாசலில் நிறுத்தாதீர்கள்.