தார்ப்பாய்க்குள் ஒரு ஹெரால்டு

தாதர் பார்ஸி காலனியில் தினமும் காலையில் நடக்கிறவர்களில் நானும் ஒருவன். மரநிழலும் அகலமான நடைபாதையும் போக அங்கே இன்னொரு கவர்ச்சி உண்டு: வீட்டு முற்றங்களில் நிற்கும் பழைய கார்கள். அவற்றில் ஒன்று வெகு காலமாக நீலத் தார்ப்பாய்க்குள் கிடந்தது. நான்கு டயர்களிலும் காற்று இல்லை. மேலே வருஷக்கணக்கில் உதிர்ந்த சருகு. 2025 மழைக்காலத்தில் ஒரு நாள் காற்று தார்ப்பாயின் மூலையைத் தூக்கியபோதுதான் முகம் தெரிந்தது. புருவம் வைத்த மாதிரி முகப்பு விளக்கு. ஸ்டாண்டர்டு ஹெரால்டு, இரண்டு கதவு.

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். செம்பூரில் இருக்கும் நண்பரிடம் சொல்லிவிட்டேன். நண்பர் தாராவியில் வளர்ந்தவர், வங்கி ஊழியர். பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கி, விடுமுறை நாட்களில் கொஞ்சம் கொஞ்சமாகச் சரிசெய்து ஓட்ட வேண்டும் என்பது அவருடைய இருபது வருஷ ஆசை. அவருடைய அப்பாவுக்கு வயது 76. சென்னைக்குத் தெற்கே பெருங்களத்தூரில் இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் தொழிற்சாலையில் 1968இல், பத்தொன்பது வயதில் வேலைக்குச் சேர்ந்தவர். 1988இல் அங்கே உற்பத்தி நின்ற பிறகு குடும்பத்தோடு பம்பாய்க்கு வந்து, குர்லாவில் ஒரு பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நான் சொன்ன சேதியில் மகனுக்குத் தூக்கம் போனது சந்தோஷத்தில். அப்பாவுக்குப் போனது கவலையில்.

ஹெரால்டை ஸ்போர்ட்ஸ் கார் என்று சொல்லலாமா? கண்டிப்பாகப் பார்த்தால் கூடாது. 948 சிசி இன்ஜின், சுமார் 35 குதிரைசக்தி, நான்கு பேர் உட்காரும் குடும்பக் கார். ஆனால் ரத்த உறவு இருக்கிறது. 1959இல் பிரிட்டனில் ட்ரையம்ப் ஹெரால்டு என்ற பெயரில் வந்த இந்தக் காரை வடிவமைத்தவர் இத்தாலியரான ஜியோவானி மிக்கெலாட்டி. இதன் சேஸியைக் குறுக்கி, அதே மிக்கெலாட்டியின் வடிவத்தில் 1962இல் வந்ததுதான் ட்ரையம்ப் ஸ்பிட்ஃபயர் என்ற இருவர் அமரும் ஸ்போர்ட்ஸ் கார். இந்தியாவில் 1961இல் ஹெரால்டு வந்தது. லைசென்ஸ் காலத்தில் கார் வாங்கப் போனவருக்கு அம்பாசிடர், ஃபியட், ஸ்டாண்டர்டு என்று மூன்றுதான் வழி. அதில் ஸ்போர்ட்ஸ் கார் ஆசை உள்ளவர் இரண்டு கதவு ஹெரால்டோடு திருப்திப்பட்டுக்கொள்ள வேண்டும். சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், பழைய விமான ஓடுதளத்தில் நடந்த பந்தயங்களில் அதுவும் ஓடியது.

இந்தக் காரின் பிறப்பிலேயே ஒரு நெருக்கடி உண்டு. பிரிட்டிஷ் ஸ்டாண்டர்டு கம்பெனிக்கு பாடி செய்து கொடுத்துவந்த நிறுவனத்தை 1953இல் போட்டிக் கம்பெனி வாங்கிவிட்டது. முழு பாடியையும் ஒரே இடத்தில் செய்து வாங்க வழியில்லை. ஆகவே தனியாக ஒரு சேஸி, அதன் மேல் துண்டு துண்டாகச் செய்து போல்ட் போட்டு முடுக்கிய பாடி என்று தீர்மானித்தார்கள். அன்றைக்கு அது வேறு வழியில்லாமல் செய்தது. இன்றைக்குப் பழைய காரைப் பிரித்து மாட்ட நினைக்கிறவருக்கு அதுவே வரம். பானட்டும் இரு பக்க மட்கார்டும் ஒரே துண்டாக முன்பக்கம் கவிழ்ந்து திறக்கும். மெக்கானிக் முன் டயரின் மேல் உட்கார்ந்துகொண்டே இன்ஜினில் வேலை பார்க்கலாம். 25 அடி விட்டத்துக்குள் வண்டி ஒரு வட்டம் அடித்துவிடும். இன்றைய சின்னக் கார்களுக்கே முப்பது அடி வேண்டும்.

மழை விட்ட அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் போனோம். தார்ப்பாயை எடுத்ததும் நண்பர் காரின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். பெரியவர் முகத்தைப் பார்க்கவே இல்லை. நேற்றைய செய்தித்தாளைத் தரையில் விரித்து, ஒரு டார்ச்சும் ஸ்க்ரூ டிரைவருமாகக் காருக்கு அடியில் போய்ப் படுத்துவிட்டார். சேஸியின் முதுகெலும்பு போன்ற இரண்டு சட்டங்களிலிருந்து பக்கவாட்டில் கைகள் நீளும். அவற்றில்தான் பாடி உட்கார்ந்திருக்கிறது. ஸ்க்ரூ டிரைவரின் பிடியால் ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே வந்தார். நல்ல இரும்பு ‘டங்’ என்றது. துருப்பிடித்தது ‘டொப்’ என்றது. பம்பாயின் உப்புக் காற்றும் நாலு மாச மழையும் இரண்டு கைகளைத் தின்றிருந்தன. நடுச் சட்டங்கள் நன்றாக இருந்தன.

வெளியே வந்து, வீட்டு ஃப்ரிட்ஜிலிருந்து கழற்றிக்கொண்டு வந்த காந்தத்தைப் பாடியின் மேல் வைத்துப் பார்த்தார். தகட்டில் ஒட்டியது. பட்டி பூசிய இடங்களில் வழுக்கி விழுந்தது. கதவுக்கும் பாடிக்கும் நடுவே உள்ள இடைவெளி மேலும் கீழும் சமமாக இருக்கிறதா என்று விரலை விட்டுப் பார்த்தார். மேலே குறுகிக் கீழே விரிந்தால் சேஸி தொய்ந்துவிட்டது என்று அர்த்தமாம். நண்பர் சாவியைக் கேட்டார். பெரியவர் தடுத்துவிட்டார். பல வருஷம் நின்ற இன்ஜினை பேட்டரி வைத்துத் திருப்பினால், சிலிண்டரில் ஒட்டிக்கொண்ட பிஸ்டன் ரிங் உடையும். முதலில் ப்ளக்கைக் கழற்றி எண்ணெய் விட்டு, சில நாள் ஊறவைத்து, கையால்தான் திருப்பிப் பார்க்க வேண்டும்.

அடுத்தது காகிதம். ஆர்.சி. புத்தகம் காலமான கணவர் பேரில் இருந்தது. அந்த வீட்டு அம்மாள் 31ஆம் எண் படிவம் கொடுத்துத் தன் பேருக்கு மாற்றிய பிறகே விற்க முடியும். சேஸி நம்பரையும் இன்ஜின் நம்பரையும் சுரண்டித் துடைத்து, புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தோம். இரண்டும் சரியாக இருந்தன. “இன்ஜின் இல்லாத வண்டியக்கூட வாங்கலாம் சார். புத்தகம் இல்லாத வண்டி வாங்கக் கூடாது” என்றார் பெரியவர்.

இங்கே ஒரு சட்ட விஷயத்தைச் சொல்ல வேண்டும். பழைய காரை வாங்க நினைக்கும் பலருக்கு இது பிறகுதான் தெரியவருகிறது. முதல் பதிவிலிருந்து 50 வருஷம் கடந்த சொந்த உபயோக வாகனங்களை ‘வின்டேஜ்’ என்று பதிவு செய்ய மத்திய அரசு 2021இல் விதி கொண்டுவந்தது. பழைய நம்பரையே வைத்துக்கொள்ளலாம். புதிதாகப் பதிவாகும் வண்டிக்கு ‘விஏ’ என்ற எழுத்துகளோடு நம்பர், கட்டணம் 20,000 ரூபாய், பதிவு 10 வருஷத்துக்குச் செல்லும். ஆனால் இரண்டு நிபந்தனைகள். சேஸி, பாடி, இன்ஜின் எதையும் பெரிதாக மாற்றியிருக்கக் கூடாது. அப்புறம், வண்டியை அன்றாடம் சாலையில் ஓட்டக் கூடாது. கண்காட்சி, பழைய கார் ஊர்வலம், பெட்ரோல் போட, பழுது பார்க்க என்று குறிப்பிட்ட காரியங்களுக்குத்தான் எடுக்கலாம். ஞாயிற்றுக்கிழமை செம்பூரிலிருந்து மாதுங்காவுக்கு இட்லி சாப்பிடப் போவது இந்தப் பட்டியலில் இல்லை.

அன்றாடம் ஓட்ட வேண்டுமென்றால் சாதாரணப் பதிவையே ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். 600 ரூபாயாக இருந்த அந்தக் கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ஆனது. 20 வருஷத்துக்கு மேற்பட்ட கார்களுக்கு 2025 ஆகஸ்டில் 10,000 ஆனது. நண்பர் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு இதையே தேர்ந்தெடுத்தார். அப்பாவை உட்காரவைத்து ஓட்டுவதற்காக வாங்கும் காரை அருங்காட்சியகப் பொருளாக்க அவருக்கு மனமில்லை.

ஸ்பேர் பார்ட்ஸுக்கு எங்கே போவது என்பது எல்லாரும் கேட்கும் கேள்வி. பிரேக், சஸ்பென்ஷன், கேஸ்கெட், ரப்பர் சாமான்கள் எல்லாம் பிரிட்டனில் இன்றும் புதிதாகச் செய்து விற்கிறார்கள். காரணம், அந்த ஸ்போர்ட்ஸ் கார் உறவு. 1980 வரை மூன்று லட்சத்துக்கு மேல் ஸ்பிட்ஃபயர்கள் செய்யப்பட்டன. பிரிட்டிஷ் ஹெரால்டும் ஐந்து லட்சத்தைத் தாண்டியது. அவற்றை வைத்திருக்கிறவர்கள் இருக்கும்வரை நம்முடைய ஹெரால்டுக்கும் சாமான் கிடைக்கும். சுங்க வரியும் தபால் செலவும்தான் கடிக்கும். இந்தியாவில் மட்டும் வந்த நான்கு கதவு ஹெரால்டுக்கும், 1972இல் வந்த கெஸலுக்கும் இந்த அதிர்ஷ்டம் கிடையாது. அவற்றின் பின்கதவுக்கு குர்லா சிஎஸ்டி ரோடு பழைய இரும்புக் கடைகளில் தவம் கிடக்க வேண்டும். இரண்டு கதவு கார் கண்ணுக்கு அழகு என்று நண்பர் நினைத்திருந்தார். பைக்கும் அதுவே நல்லது என்று அப்புறம்தான் தெரிந்தது.

சாமானைவிட அரிதாகிவருவது வேலை தெரிந்த கை. 2023 அக்டோபர் 30 முதல் மும்பைச் சாலைகளில் பத்மினி டாக்ஸி இல்லை. கடைசி வண்டிக்கு 20 வருஷ வரம்பு முடிந்துவிட்டது. காதால் கேட்டே கார்புரேட்டரைச் சரிசெய்யத் தெரிந்த ஆட்களுக்கு அந்த டாக்ஸிகள்தான் சோறு போட்டன. அவர்களில் பலர் ஊருக்குப் போய்விட்டார்கள். பெட்ரோலும் அந்தக் காலத்துப் பெட்ரோல் இல்லை. ஈயம் கலந்த பெட்ரோல் 2000இல் நாடு முழுக்க நின்றது. ஈயம் பாதுகாத்துவந்த வால்வு சீட்டுகளுக்குப் பதிலாகக் கடினமானவற்றை லேத் பட்டறையில் பொருத்திக்கொள்வது நல்லது. 2023 முதல் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் வருகிறது. அது பழைய ரப்பர் குழாய்களையும் பெட்ரோல் பம்பின் டயாஃப்ரத்தையும் அரிக்கும். இவற்றையெல்லாம் முதலிலேயே மாற்றிவிட வேண்டும்.

சண்டை வந்தது வேறு விஷயத்தில். மான்கூர்டு பக்கம் ஒரு ஷெட் வாடகைக்கு எடுத்து, காரை முழுசாகப் பிரித்து, சேஸியை மொட்டையாக்கி, புத்தம் புதுசாகத் திரும்ப மாட்டுவது நண்பரின் திட்டம். ஐந்து வருஷம் ஆகும் என்றார். பெரியவர் கொஞ்ச நேரம் பேசவில்லை.

“அஞ்சு வருஷம்னா எனக்கு எம்பத்தொண்ணு. பிரிக்கிறது ஒரு வாரம்பா, யார் வேணாலும் பிரிப்பான். நான் வேலை பார்த்த பட்டறையில அப்படிப் பிரிச்சுப் போட்ட வண்டிங்க மூலைக்கு மூலை கெடந்துது. எதையும் எவனும் திரும்ப மாட்டுனதில்ல.”

அவர் சொன்ன வழி வேறு. முதலில் நிற்க வேண்டும், அப்புறம் ஓட வேண்டும், கடைசியில் அழகாக இருக்கலாம். ஒரு நேரத்தில் ஒரு வேலை. அதைக் கழற்றி, சரிசெய்து, மாட்டி, வண்டியைக் கொஞ்ச தூரமாவது ஓட்டிப் பார்த்த பிறகே அடுத்த நட்டில் கை வைக்க வேண்டும். முதலில் சேஸியின் இரண்டு கைகளுக்கு வெல்டிங். பிறகு பிரேக், டயர், பெட்ரோல் லைன், வயரிங். அதன் பிறகு இன்ஜினுக்குள். பெயின்ட் கடைசி. மொத்தக் காலம் அதே ஐந்து வருஷமாக இருக்கலாம். ஆனால் வண்டி அதில் நாலு வருஷம் ஓடிக்கொண்டிருக்கும்.

மொழிபெயர்ப்பில் காலம் தள்ளும் எனக்கு இது உறைத்தது. என் அலமாரியில் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் திருத்தப் புறப்பட்டு, பாதியில் நின்ற நாவல்கள் இரண்டு இருக்கின்றன. நெடுங்காலத் திட்டம் என்று பெயர் வைத்துவிட்டால் இன்றைக்கு ஒன்றும் செய்யாமல் இருக்க நல்ல சாக்கு கிடைத்துவிடுகிறது. பழைய கார் வாங்க நினைக்கிற வாசகர்களுக்கு நான் சொல்லக்கூடியதும் பெரியவர் சொன்னதுதான். விலையைக் கேட்பதற்கு முன்னால் அடியைப் பாருங்கள், புத்தகத்தைப் பாருங்கள். அப்புறம் யாரை உட்காரவைத்து ஓட்டப் போகிறீர்கள் என்று யோசித்து, அவருடைய வயதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பேர் மாற்றம் முடிந்து, கார் இழுவை வண்டியில் செம்பூர் போய்ச் சேர்ந்தது. வெல்டிங் முடிந்தது. பத்து நாள் எண்ணெயில் ஊறிய இன்ஜின் பெரியவர் கைக்கு மசிந்தது. இப்போது பிரேக் வேலை நடக்கிறது. காரின் நிறம் இன்னும் பார்க்கச் சகிக்கவில்லை என்று நண்பர் போனில் குறைப்படுகிறார். விற்ற அம்மாளுக்கு அந்தக் கவலை இல்லை. ஓட ஆரம்பித்ததும் ஒரு தடவை காலனிக்குக் கொண்டுவந்து காட்ட வேண்டும் என்பதுதான் பணத்தை வாங்கும்போது அவர் போட்ட ஒரே நிபந்தனை. அவருக்கும் எண்பதைத் தாண்டிவிட்டது. பெரியவர் பிரேக்கை முதலில் எடுத்துக்கொண்டதற்கு அதுவும் ஒரு காரணம்.