எலும்புக்கு ஓர் அலமாரி

ஸ்லீமன் என்ற பெயரைக் கேட்டதும் வரலாறு படித்தவர்களுக்குத் தக்கிக் கொள்ளையர்கள்தாம் நினைவுக்கு வருவார்கள். மத்திய இந்தியாவின் சாலைகளில் வழிப்போக்கர்களைக் கழுத்தை நெரித்துக் கொன்ற அந்தக் கூட்டத்தை ஒடுக்கிய ஆங்கிலேய அதிகாரி அவர். அதே ஸ்லீமன்தான் 1828-இல், கேப்டனாக ஜபல்பூரில் இருந்தபோது, ஊரை ஒட்டிய பரா சிம்லா குன்றில் கல்லாகிப்போன பெரிய எலும்புகள் சிலவற்றைக் கண்டெடுத்தார். ஆசியாவில் கிடைத்த முதல் டைனோசர் எலும்புகள் அவை. அது அவருக்குத் தெரியாது. அன்றைக்கு உலகில் யாருக்குமே தெரிந்திருக்க வழியில்லை. பக்லாந்து மெகலோசாரஸுக்குப் பெயர் வைத்து நான்கு ஆண்டுகளும், மான்டெல் இகுவானோடானுக்குப் பெயர் வைத்து மூன்று ஆண்டுகளும்தான் ஆகியிருந்தன. அவ்விரண்டோடு இன்னொரு விலங்கையும் சேர்த்து, ரிச்சர்ட் ஓவன் இவையெல்லாம் ஒரே குலம் என்று சொல்லி டைனோசர் என்ற பெயரைக் கொடுத்தது 1842-இல்.

தொல்லுயிரியலின் தொடக்க காலத்தைப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் இங்கிலாந்தின் கடலோரப் பாறைகளிலேயே நின்றுவிடுகிறார்கள். ஜபல்பூர் எலும்பின் கதையும் அந்த வரிசையில் வைத்துச் சொல்ல வேண்டியது. அதிலும் கண்டெடுத்த நாளைவிட, அதற்குப் பிறகு அந்த எலும்பு பட்ட பாடுதான் என்னை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது.

ஸ்லீமன் சில எலும்புகளை ஸ்பில்ஸ்பரி என்ற மருத்துவரிடம் கொடுத்தார். அவர் 1832-இல் அவற்றைக் கல்கத்தாவுக்கு, ஜேம்ஸ் பிரின்செப்புக்கு அனுப்பிவைத்தார். சில ஆண்டுகள் கழித்து அசோகன் பிராமியைப் படித்துக் காட்டிய அதே பிரின்செப். நாணயச்சாலையில் வேலை பார்த்துக்கொண்டே கல்வெட்டு, காசு, வானிலை, எலும்பு என்று எது வந்தாலும் குறித்துவைத்த மனிதர். அவர் ஆசியக் கழகத்தின் இதழில் இந்த எலும்புகளைப் பற்றி எழுதினார். அப்புறம் முப்பது ஆண்டுகள் பேச்சே இல்லை. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் முதல் தலைவர் தாமஸ் ஓல்டாம்தான் அவற்றை மறுபடி வெளியே எடுத்து ஹியூ ஃபால்கனரின் கவனத்துக்குக் கொண்டுபோனார். சிவாலிக் மலைகளில் தோண்டி, சிவதேரியம் என்ற மாபெரும் ஒட்டகச்சிவிங்கி இன விலங்குக்கு 1836-இல் காட்லியோடு சேர்ந்து பெயர் வைத்தவர் ஃபால்கனர். அவர் எழுதிவைத்த விவரிப்பு, அவர் இறந்து மூன்று ஆண்டுகள் கழித்து 1868-இல்தான் அச்சேறியது. கடைசியில் 1877-இல் ரிச்சர்ட் லிடெக்கர் பெயர் வைத்தார்: டைட்டனோசாரஸ் இண்டிகஸ். குன்றிலிருந்து பெயருக்கு வந்து சேர 49 ஆண்டுகள்.

அந்த எலும்பைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்ப்போம். அது ஒரு வால் முள்ளெலும்பு. முன்பக்கம் கிண்ணம் போலக் குழிந்திருக்கும், பின்பக்கம் உருண்டு புடைத்திருக்கும். ஒன்றின் குமிழ் அடுத்ததன் குழிக்குள் போய் உட்காரும். அப்படியே கோத்துக்கொண்டு போனால் வால். எலும்பின் உடல் இரு பக்கமும் பிடித்து அமுக்கியதுபோல ஒடுங்கியிருக்கும். இந்த அமைப்பை வைத்தே இது புதிய விலங்கு என்று லிடெக்கர் முடிவு செய்தார். 1893-இல் அர்ஜென்டினாவில் கிடைத்த எலும்புகளிலும் இதே அமைப்பைப் பார்த்து, அவற்றையும் டைட்டனோசாரஸ் என்றே அழைத்தார். ஜபல்பூரையும் அர்ஜென்டினாவையும் ஒரு வால் எலும்பு இணைத்தது. கண்டங்கள் நகர்கின்றன என்று வெகெனர் சொல்ல இன்னும் கிட்டத்தட்ட இருபது ஆண்டுகள் இருந்தன.

பிறகு வந்தவர்களும் குழியும் குமிழுமாக எதைக் கண்டாலும் டைட்டனோசாரஸ் என்றே எழுதிவைத்தார்கள். ஒரே பேரினப் பெயரின் கீழ் 14 இனங்கள் சேர்ந்துவிட்டன. 2003-இல் ஜெஃப்ரி வில்சனும் பால் அப்சர்ச்சும் எல்லாவற்றையும் பிரித்துப் பார்த்து, லிடெக்கர் தனித்தன்மை என்று சொன்ன அந்த வால் அமைப்பு ஒரு பெரிய குழுவுக்கே பொதுவானது, அதை வைத்து ஒரே ஒரு விலங்கை அடையாளம் காட்ட முடியாது என்றார்கள். பெயர் ஐயத்துக்குரியது என்று ஒதுக்கப்பட்டது. அந்தப் பெருங்குழு மட்டும் இன்றும் டைட்டனோசார்கள் என்றே அழைக்கப்படுகிறது.

இந்த வழக்கில் முதன்மையான சாட்சி கூண்டுக்கு வரவே இல்லை. ஸ்லீமன் எடுத்த எலும்பு எங்கே என்று அப்போது யாராலும் சொல்ல முடியவில்லை. உயிரினங்களுக்குப் பெயர் வைப்பதில் ஒரு கண்டிப்பான முறை உண்டு. ஒவ்வொரு பெயருக்கும் ஆதாரமாகக் குறிப்பிட்ட ஒரு மாதிரி இருக்க வேண்டும். சந்தேகம் வந்தால் நூறு ஆண்டு கழித்தும் போய் அதைப் பார்க்க வேண்டும். ஆசியாவின் முதல் டைனோசருக்கு அந்த மாதிரி காணாமல் போயிருந்தது. பழைய விவரிப்புகளும் வரைபடங்களும்தான் மிச்சம்.

2012-இல் அது கிடைத்தது. தனஞ்சய் மொகபேயும் சுபாசிஸ் சென்னும் கொல்கத்தாவில், புவியியல் ஆய்வுத் துறையின் சேகரிப்பிலேயே தேடி அந்த முள்ளெலும்பை எடுத்துவிட்டார்கள். மறு ஆண்டு அதைப் பற்றி அவர்களோடு சேர்ந்து எழுதினார், பெயரை ஒதுக்கிய அதே வில்சன். எந்த மலைக்கும் போகாமல், எந்தப் பாறையையும் உடைக்காமல் நடந்த கண்டுபிடிப்பு இது. இதைப் படித்த அன்று எனக்கு உண்டான மகிழ்ச்சி இன்னும் குறையவில்லை.

மொகபேயிடமிருந்து இன்னொரு கதையும் இருக்கிறது. 1980-களில் குஜராத்தின் கேடா மாவட்டத்தில், முட்டைகளும் சின்ன எலும்புகளும் கொண்ட ஒரு பாறைத் துண்டை அவர் எடுத்துவைத்தார். டைனோசர் குஞ்சு என்று 1987-இல் எழுதினார். 2001-இல் அதைப் பார்க்க வந்த வில்சன், எலும்புகளில் ஒரு பகுதி பாம்பினுடையது என்று கண்டார். முட்டையைச் சுற்றிச் சுருண்டு, அப்போதுதான் வெளிவந்த அரை மீட்டர் குஞ்சைப் பிடிக்கக் காத்திருந்த மூன்றரை மீட்டர் பாம்பு. அந்த நிலையிலேயே அத்தனையும் மண்ணில் புதைந்துபோயிருந்தன. 2010-இல் அந்தப் பாம்புக்கு சனாஜே இண்டிகஸ் என்று பெயரிட்டார்கள். கல் அங்கேயே பத்திரமாக இருந்ததால்தான் இரண்டாவது முறை பார்க்கும் கண்ணுக்கு அது பேசியது.

நம் பக்கத்துக் கதையை இப்போது சொல்ல வேண்டும். அரியலூர் வட்டாரத்துக் கல்லமேட்டில் கிடைத்த எலும்புகளை வைத்து யாதகிரியும் அய்யாசாமியும் 1987-இல் புருகத்காயோசாரஸ் மேட்லேயி என்று ஒரு பெயர் வைத்தார்கள். ஜபல்பூரிலும் திருச்சிப் பகுதியிலும் டைனோசர் தேடிய மேட்லியின் நினைவாக வைத்த பெயர். அதன் முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் இடைப்பட்ட எலும்பு மட்டும் இரண்டு மீட்டர் என்று எழுதினார்கள். முதலில் ஊனுண்ணி என்றார்கள். பிறகு வந்த ஆய்வாளர்கள் டைட்டனோசார் வகையாகவே இருக்கும் என்றார்கள். அளவு உண்மையானால் நிலத்தில் நடந்த மிகப் பெரிய விலங்குகளில் ஒன்று. உண்மையா என்று சரிபார்க்க எலும்பு இல்லை. மண்ணின் ஈரத்தில் ஊறிப் பழுதாகியிருந்த அவை அலமாரிக்கு வந்து சேராமலே பொடிந்துபோயின. மிஞ்சியவை கோட்டோவியங்களும், 2022-இல் வெளியான பழைய புகைப்படங்களும்தான்.

இதற்காக அந்த ஆய்வாளர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. நனைந்து ஊறிய எலும்பைக் கெடாமல் எடுப்பது பெரும்பாடு. பசை ஊற்றி இறுக்கி, மேலே சாக்கும் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸும் கட்டி, சுற்றியிருக்கும் மண்ணோடு பெயர்த்து, வண்டியேற்ற வேண்டும். ஆளும் காசும் நாளும் வேண்டும். இவற்றை அவர்களுக்குக் கொடுக்க வேண்டிய பொறுப்பு நம் எல்லோருக்கும் இருந்தது.

அரியலூரில் சிமெண்டுக்காகச் சுண்ணாம்புக்கல் தோண்டும் சுரங்கங்கள் இன்றும் இயங்குகின்றன. பழங்கடலின் சிப்பிகளும் நத்தைகளும் அங்கிருந்து வந்துகொண்டே இருக்கின்றன. வாரணவாசியில் அரசு ஒரு புதைபடிவ அருங்காட்சியகம் அமைத்திருப்பது நல்ல தொடக்கம். புவிமரபுச் சின்னங்களைக் காக்க ஒன்றிய அரசு 2022-இல் ஒரு மசோதா வரைவை வெளியிட்டது. சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். ஒவ்வொரு சுரங்கத்திலும் எலும்பைக் கண்டால் இயந்திரத்தை நிறுத்தச் சொல்லும் அதிகாரத்தோடு ஒருவர் வேண்டும். எடுத்ததற்கு எண் போட்டு, எந்த இடம், எந்த ஆழம் என்று எழுதிவைக்க ஒரு பதிவேடு வேண்டும். பூட்டும் சாவியும் போட்ட உலர்ந்த அறை வேண்டும். வாரணவாசியிலேயே இதைச் செய்யலாம். ஐப்பசி மழைக்கு முன்னால் தொடங்கினால் இந்த ஆண்டு வெளிப்படும் எலும்பாவது தப்பும்.