ஊரடங்கில் விட்டவர் மறுபடி ஆரம்பித்துவிட்டாரே!

தென்காசிப் பக்கத்திலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார், போடவில்லை.

“அக்கா, 2020-ல் ஊரடங்கு வந்தப்போ எங்க வீட்டுக்காரருக்கு சிகரெட் கிடைக்கலை. ஆறு வாரம் கையாலே தொடலை. கொரோனாவாலே இந்த ஒரு நல்லதாவது நடந்துச்சேன்னு நான் சந்தோஷப்பட்டேன். மே மாசம் பெட்டிக்கடையைத் திறந்தாங்க, மறுநாளே ஆரம்பிச்சுட்டார். இப்போ எங்களுக்குக் குழந்தை பிறந்து மூணு மாசம் ஆகுது. அன்னைக்கு விட முடிஞ்சவருக்கு இன்னைக்கு ஏன் முடியலை? கேட்டா, ‘வாசல்லே நின்னுதானே குடிக்கிறேன், உள்ளேயா குடிக்கிறேன்’கிறார்.”

இதே போல இன்னும் நாலைந்து கடிதங்கள் என்னிடம் சேர்ந்திருக்கின்றன. அதனால் இந்த முறை கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

உள்ளதைச் சொல்வதானால், உங்கள் வீட்டுக்காரர் அன்றைக்கு விடவில்லை சகோதரி. கடைதான் மூடியிருந்தது. 2020 மார்ச் 25-ஆம் தேதி ஊரடங்கு ஆரம்பித்தது. ஏப்ரல் மத்தியில் மத்திய அரசு வெளியிட்ட உத்தரவில் மது, குட்கா, புகையிலை எதையும் விற்கக்கூடாது என்றே எழுதிவிட்டார்கள். ஆனாலும் பின்வாசல் வழியாக இரண்டு மடங்கு, மூன்று மடங்கு விலைக்கு விற்றது ஊருக்கே தெரியும். உங்கள் வீட்டுக்காரர் அந்தப் பக்கம் போகவில்லையே, அதற்கே அவரை மெச்சலாம்!

கடையை மூடினால் பழக்கம் போய்விடுமா என்பதை நம்மைவிடப் பெரிய அளவில் சோதித்துப் பார்த்த நாடு தென்னாப்பிரிக்கா. டர்பன் நகரத்தில் நம் தமிழர்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்கிறார்களே, அந்த நாடுதான். அங்கே 2020 மார்ச் 27 முதல் ஆகஸ்ட் 17 வரை, ஐந்து மாதம் என்றே வைத்துக்கொள்ளுங்கள், சிகரெட் விற்பனைக்கு முழுத் தடை. நடுவிலே ஏப்ரலில் ஜனாதிபதி ‘இனி விற்கலாம்’ என்று அறிவித்தார். ஒரே வாரத்தில் மந்திரி அம்மாள் ‘கூடாது’ என்று திருப்பிவிட்டார். என்ன ஆயிற்று? சிலர் விட்டார்கள், உண்மை. விடாதவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கும் மேல் எப்படியோ வாங்கிவிட்டார்கள் என்று கேப் டவுன் பல்கலைக்கழகத்தார் கேட்டறிந்து எழுதினார்கள். கள்ளச் சந்தைக்காரன் கொழுத்தான், அரசாங்கத்துக்கு வரி போயிற்று. கடைசியில் அந்த வருஷம் டிசம்பரில் கோர்ட்டும் அந்தத் தடை செல்லாது என்று சொல்லிவிட்டது.

கடை திறந்திருந்த நாடுகளில் இன்னொரு வேடிக்கை. அமெரிக்காவில் இருபது வருஷமாக இறங்கிக்கொண்டே வந்த சிகரெட் விற்பனை 2020-ல் சற்றே ஏறியது. இங்கிலாந்தில் முதல் ஊரடங்கின்போது 18 வயது முதல் 34 வயது வரை உள்ளவர்களிடையே புகைப்பவர்கள் கூடினார்கள்; அதே சமயம் விட்டவர்களும் கூடினார்கள். பயம் ஒருவரை விட வைக்கிறது, அதே பயமும் வீட்டில் அடைந்து கிடக்கிற அலுப்பும் இன்னொருவரைப் பற்ற வைக்கச் சொல்கிறது. மனுஷ சுபாவம் அப்படி.

அந்த நாட்களில் ‘சிகரெட் குடிக்கிறவனுக்குக் கொரோனா வராது’ என்று ஒரு பேச்சு கிளம்பியதே, ஞாபகமிருக்கிறதா? காற்றிலே வந்த வதந்தி மட்டும் அல்ல அது. 2020 ஏப்ரலில் பாரிஸில் சில டாக்டர்கள், ‘நோயாளிகளில் புகைப்பவர்கள் குறைவாக இருக்கிறார்களே, நிகோடின் காப்பாற்றுகிறதோ’ என்று சந்தேகம் கிளப்பினார்கள். உடனே ஜனங்கள் மருந்துக்கடைக்கு ஓடிவிடப் போகிறார்களே என்று பயந்து, நிகோடின் பட்டை, சூயிங்கம் விற்பனைக்கு பிரெஞ்சு அரசாங்கம் அளவு வைக்க வேண்டியதாயிற்று. அடுத்த மாதமே உலக சுகாதார நிறுவனம், புகைப்பவர்களுக்கு நோய் முற்றுகிற அபாயம் அதிகம் என்று சொல்லிவிட்டது. அது எத்தனை பேர் காதில் விழுந்தது?

இது ஒன்றும் புதிதல்ல. 1665-ல் லண்டனில் பிளேக் வந்தபோதும் புகையிலைதான் காப்பு என்று நம்பினார்கள். சாமுவேல் பெப்பிஸ் என்ற அதிகாரி தினம் தவறாமல் டயரி எழுதினவர். பிளேக் வீடுகளின் கதவில் சிவப்புச் சிலுவைக் குறியைப் பார்த்ததும் அவருக்கு நடுக்கம் எடுத்துவிட்டது. உடனே புகையிலைச் சுருள் வாங்கி முகர்ந்து, மென்றாராம். ஈட்டன் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் தினம் காலையில் புகைத்தே ஆகவேண்டும் என்று கட்டளை. புகைக்காததற்கு அடி வாங்கியதாக அங்கே படித்த ஒருவர் பின்னால் சொல்லியிருக்கிறார். புகைத்தால் அடிக்கிற காலத்தில் இருக்கிறோம் நாம்!

நம் ஊரில் கொரோனா ஒரு விஷயத்தில் கண்ணைத் திறந்தது. அது எச்சில். வெற்றிலை புகையிலை, குட்கா போட்டுப் புளிச்சென்று துப்புவதை யாரும் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. புகையிலை மென்றால் எச்சில் ஊறும், துப்பத் தோன்றும், அதனால் மெல்லாதீர்கள் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 2020 ஏப்ரலில் வேண்டுகோள் விட்டது. தமிழ்நாட்டில் பொது இடத்தில் துப்பினால் 500 ரூபாய் அபராதம் என்று சட்டமே வந்தது. ஒரே பீடியை நாலு பேர் வாய் மாற்றிக் குடிப்பதும் அப்போதுதான் பலருக்கு அருவருப்பாகத் தோன்றியது. அந்த அருவருப்பு இன்னும் கொஞ்ச நாள் நீடித்திருக்கலாம்!

தென்காசி என்றதும் பீடி சுற்றும் பெண்கள் நினைவு வராமல் இருக்குமா? திருநெல்வேலி, தென்காசி மாவட்டங்களில் மடியில் தட்டை வைத்துக்கொண்டு, இலையை வெட்டி, தூளை வைத்து, நூல் கட்டிக் குடும்பம் நடத்துகிறவர்கள் எத்தனை ஆயிரம் பேர்! கடை மூடினால் புகைப்பவருக்குச் சிகரெட் இல்லை. இவர்களுக்கோ அடுப்பில் உலை இல்லை. ஊரடங்கில் இலையும் தூளும் வராமல் இவர்கள் பட்ட பாட்டை, ‘புகையிலை ஒழிக’ என்று பேசுகிறவர்கள் மறந்துவிடக்கூடாது. வேறு தொழில் காட்டாமல் இதை மட்டும் எப்படி நிறுத்தச் சொல்வது? ஒன்று மட்டும் அந்தத் தாய்மார்களுக்குச் சொல்லவேண்டும். தூள் இருக்கிற தட்டுக்குப் பக்கத்தில் குழந்தையைப் போடாதீர்கள். தவழ்கிற குழந்தை கையில் எது கிடைத்தாலும் வாய்க்குக் கொண்டுபோகும். புகையிலை அதற்கு விஷம். பால் கொடுக்கும் முன் கையை சோப்புப் போட்டுக் கழுவி, மேலே தூள் படிந்த சேலையையும் மாற்றிவிடுங்கள்.

சரி, மூன்று மாதக் குழந்தை விஷயத்துக்கு வருவோம். இதில் தாட்சண்யம் பார்க்கவே கூடாது. சிகரெட் புகை படுகிற குழந்தைக்கு மார்ச்சளி, இழுப்பு, காதில் சீழ் எல்லாம் சுலபமாக வருகின்றன. தூக்கத்திலேயே குழந்தை திடீரென்று இறந்துபோகிற அபாயமும் கூடுகிறது. பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை, தெரிந்திருக்கவேண்டும் என்று சொல்கிறேன். வாசலில் நின்று குடித்தாலும் கதவு, ஜன்னல் வழியாகப் புகை உள்ளே வரும். மின்விசிறி போட்டால் போய்விடும் என்பதெல்லாம் சும்மா. சட்டையிலும் தலைமுடியிலும் ஒட்டிய புகைக் கசடு மணிக்கணக்கில் இருக்கும். ஆகவே அவர் விடுகிற வரைக்கும் இதைக் கறாராக வைத்துக்கொள்ளுங்கள்: வீட்டை விட்டுத் தள்ளிப் போய்க் குடிக்கட்டும், வந்ததும் கை, வாய் கழுவி, சட்டை மாற்றிய பிறகுதான் குழந்தையைத் தூக்கவேண்டும், குழந்தையை அவரோடு ஒரே படுக்கையில் போடவே கூடாது. மாமியார் ‘எங்க காலத்திலே நாங்க வளர்க்கலையா’ என்பார். சண்டைக்குப் போகாதீர்கள், டாக்டர் சொன்னார் என்று சொல்லிவிடுங்கள்.

இனி அவரை விட வைப்பது. உங்கள் கையில் ஒரு நல்ல துருப்பு இருக்கிறது. அந்த ஆறு வாரம்! நிகோடின் நின்ற இரண்டாம் மூன்றாம் நாள்தான் உடம்பு அதிகம் தவிக்கும். எரிச்சல், தூக்கமின்மை, தலைவலி, யாரைப் பார்த்தாலும் கோபம். இரண்டு மூன்று வாரத்தில் அது தணிந்துவிடும். அவர் அதைத் தாண்டி அதற்கு மேலும் இருந்திருக்கிறார். ‘உங்களாலே முடியாது’ என்று குத்திக் காட்டுவதை விட்டு, ‘அன்னைக்கு முடிஞ்சுதே, என்ன செஞ்சீங்க?’ என்று கேட்டுப் பாருங்கள். வாயில் எதைப் போட்டுக்கொண்டார், பொழுதை எப்படிப் போக்கினார் என்று அவரே சொல்வார்.

அவரையே ஒரு தேதி குறிக்கச் சொல்லுங்கள். நீங்கள் குறித்தால் அது உங்கள் தேதி. முந்தின நாளே பாக்கெட், லைட்டர், சாம்பல் கிண்ணம் எல்லாம் வீட்டை விட்டுப் போகட்டும். சாப்பிட்ட கையோடும், காலைக் காப்பியோடும்தான் சிகரெட் நினைவு வரும்; காப்பிக்குப் பதில் சில நாள் சீரகத் தண்ணீரோ மோரோ கொடுங்கள். ஆசை வந்தால் ஐந்து, பத்து நிமிஷம் தாக்குப் பிடிக்கச் சொல்லுங்கள், தானே அடங்கும். கிராம்பு, நெல்லி வற்றல், ஓமம் எது பிடிக்கிறதோ அதை ஒரு டப்பாவில் போட்டுச் சட்டைப் பையில் வையுங்கள். முதல் வாரம் வரவு செலவுக் கணக்கு, நாத்தனார் சமாசாரம் எதையும் எடுக்காதீர்கள்!

அப்படியும் தாங்க முடியவில்லை என்றால் நிகோடின் சூயிங்கம் இருக்கிறது. மிட்டாய் போல மென்றுகொண்டே இருக்கக்கூடாது. இரண்டு மூன்று தரம் மென்று, வாயில் சுருக்கென்றதும் கன்னத்தில் ஒதுக்கிக்கொள்ள வேண்டும். பிறகு மறுபடி மெல்லலாம். காப்பி, டீ குடித்த உடனே போட்டால் பயன் இல்லை. இருதயக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடக்கூடாது. குழந்தைகள் கைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள், அதுவும் நிகோடின்தான்.

புகையிலையை விட விரும்புகிறவர்களுக்காக மத்திய அரசு ஒரு தொலைபேசி எண் வைத்திருக்கிறது: 1800-11-2356. கட்டணம் கிடையாது. சிகரெட் பாக்கெட்டின் மேலேயே அச்சடித்திருக்கிறார்கள், அவர் தினமும் கையில் வைத்துக்கொண்டுதான் இருக்கிறார்.

குழந்தைக்கு மாட்டுப்பால் எப்போது கொடுக்கலாம் என்று கேட்ட சேலம் சகோதரிக்கு அடுத்த இதழில் எழுதுகிறேன்.